ஐந்நூறு அடி மதிலும் அறுநூறு பேர் வரிசையும்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் நீண்ட பக்கம் ஏறத்தாழ 500 அடி, குறுகிய பக்கம் ஏறத்தாழ 300 அடி. 1801-இல் அதைத் தாக்கிய கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-இல் அச்சான தம் படைவாழ்க்கை நினைவுகளில் எழுதி வைத்த அளவு இது. கோட்டை சரியான செவ்வகம் அல்ல, சற்றுக் கோணலான நாற்கரம். முழுக்க மண்ணால் எழுப்பியது. சுவர் 12 அடி உயரம், ஆங்காங்கே சிறு சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. இதன் பக்கத்தில் இன்னொரு அளவை வைத்துப் பார்ப்போம். அதே காலத்தில் பிரிட்டிஷ் படைக்குப் பயிற்சி விதிகளை வகுத்தவர் ஜெனரல் டேவிட் டண்டாஸ். 1792-இல் வெளியான அந்த விதிகளின்படி, வரிசையில் தோளோடு தோள் நிற்கும் ஒரு சிப்பாய்க்கு உரிய இடம் 22 அங்குலம். 600 பேர் கொண்ட ஒரு பட்டாளம் இரண்டு வரிசையாக நின்றால் முன்வரிசையில் 300 பேர் இருப்பார்கள். 300-ஐ 22-ஆல் பெருக்கினால் 6,600 அங்குலம், அதாவது 550 அடி. ஒரே ஒரு பட்டாளம் அணிவகுத்து நின்றால் கோட்டையின் நீண்ட மதிலை முழுதும் மறைத்து, இருபுறமும் 25 அடி வெளியே நீண்டிருக்கும். அப்படிப்பட்ட பட்டாளங்களும் பீரங்கிகளும் சேர்ந்த படை 1801 மார்ச் 31 அன்று அந்த மண்சுவரை உடைத்து ஏற முயன்று தோற்றுத் திரும்பியது.

ஏன் தோற்றது என்பதற்கு வீரம், மண்பற்று, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் தலைமை என்று பல காரணங்களைச் சொல்கிறோம். அவை எல்லாம் உண்மை. ஆனால் அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு வடிவியல் காரணமும் உண்டு. அதற்குப் பெயர் முகப்பு. ஒரு படை எதிரியை நோக்கி விரித்துக் காட்டும் அகலமே அதன் முகப்பு. இதை மிகத் தெளிவாகக் காட்டும் கருவி எதிர்பாராத ஓர் இடத்தில் இருக்கிறது. நெப்போலியன் காலப் போர்களைச் சிற்றுருப் பொம்மைகளைக் கொண்டு மேசைமேல் நடத்திப் பார்க்கும் விளையாட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல்லாயிரம் பேரின் பொழுதுபோக்கு. அதை ஆடுகிறவர்கள் ஓயாமல் விவாதிக்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு பட்டாளத்தைக் காட்டும் பொம்மைகளை எத்தனை மில்லிமீட்டர் அகலமுள்ள அடித்தட்டில் ஒட்ட வேண்டும்? வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது பொம்மைக் கடைப் பேச்சாகத் தெரியலாம். மேசைமேல் ஒரு போரை உண்மையாகக் காட்ட வேண்டுமானால் முகப்பின் அகலம் ஒன்றுதான் விட்டுக்கொடுக்கக் கூடாத அளவு என்பதும், பொம்மையின் உயரமும் எண்ணிக்கையும் ஆழமும் அதற்காக வளைந்துகொடுக்க வேண்டியவை என்பதும் என் வாதம். அதற்குப் பாஞ்சாலங்குறிச்சியை விடச் சிறந்த சான்று கிடைப்பது கடினம்.

பாஞ்சாலங்குறிச்சி நெப்போலியன் காலத்தோடு ஒட்டவைத்த ஊர் அல்ல, அந்தக் காலத்திலேயே நிற்கும் ஊர். 1799 மே 4-இல் சீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தார். செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கி விரட்டப்பட்டார். எகிப்திலிருந்து கிளம்பிய நெப்போலியன் அக்டோபர் 9-இல் பிரான்சின் கரையில் இறங்கினார். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 16-இல், கயத்தாறில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரி 2-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, தரைமட்டமாக்கப்பட்டிருந்த கோட்டையை ஒரு வாரத்துக்குள் மீண்டும் எழுப்பினார். மார்ச் 21-இல் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. பத்தே நாள் கழித்துக் கரிசல் மண்ணில் இந்தத் தாக்குதல். அலெக்சாண்டிரியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் கணக்குக்கு நேரடியாக உதவும். அங்கே பிரிட்டிஷ் 28-ஆம் ரெஜிமென்ட் இரண்டு வரிசையாக நின்றிருந்தபோது எதிரி முன்னாலும் பின்னாலும் வந்துவிட்டான். பின்வரிசை மட்டும் நின்ற இடத்திலேயே திரும்பி, முதுகோடு முதுகு ஒட்டி நின்று சுட்டது. அதன் நினைவாக அந்த ரெஜிமென்ட்டின் வழிவந்தவர்கள் தொப்பியின் பின்புறமும் ஒரு சின்னம் அணிந்தார்கள். நூற்றுக்கணக்கான அடி நீளமுள்ள அந்தப் படையின் ஆழம் இரண்டு மனித உடல்கள் மட்டுமே, ஏறத்தாழ 2 மீட்டர். நெப்போலியன் காலக் காலாட்படை என்பது ஒரு கட்டி அல்ல, ஒரு கோடு. இதை மனத்தில் வைக்காமல் அந்தக் காலத்துப் போர் எதையும் புரிந்துகொள்ள முடியாது.

இந்தக் கோட்டினை மேசைமேல் கொண்டுவரக் கோவில்பட்டிக்காரர்களுக்குப் பழக்கமான பொருளே போதும். தரையின் ஒரு மீட்டரை மேசையின் ஒரு மில்லிமீட்டராக எடுத்துக்கொள்வோம். அதாவது ஆயிரத்தில் ஒன்று. கோட்டையின் 500 அடி, 152 மில்லிமீட்டர் ஆகும். 300 அடி, 91 மில்லிமீட்டர். ஒரு சாதாரணத் தீப்பெட்டியின் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர். மூன்று தீப்பெட்டிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஊமைத்துரையின் நீண்ட மதில் கிடைத்துவிடும். இரண்டு பெட்டிகளுக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் குறுகிய மதில். இனி பெட்டியைத் திறந்து குச்சிகளை எடுங்கள். ஒரு தீக்குச்சி சுமார் 4 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். நம் அளவில் அது 40 மீட்டர் நீளமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட ஓர் அணி. ஆளுக்கு 22 அங்குலம் என்றால் 40 மீட்டரில் ஏறத்தாழ 70 பேர் நிற்கலாம். இரண்டு வரிசை என்பதால் ஒரு குச்சி ஏறத்தாழ 140 பேர். நான்கு குச்சிகளை முனையோடு முனை சேர்த்து வைத்தால் 600 பேர் கொண்ட பட்டாளம் ஒன்று மதிலுக்கு எதிரே நிற்கிறது, நீளத்திலும் ஆழத்திலும் ஏறக்குறைய பிசகில்லாமல். இவ்வளவு நேர்மையான சிற்றுரு வேறு எந்தக் கடையிலும் விற்பதாக எனக்குத் தெரியவில்லை.

கடையில் விற்பது வேறு. இன்று பரவலாக வாங்கப்படும் காலாட்படைப் பொம்மை 28 மில்லிமீட்டர் உயரம். அதைத் தீப்பெட்டி மதிலின் பக்கத்தில் நிறுத்தினால் நம் அளவில் 28 மீட்டர் உயரமான மனிதன் நிற்பான், கோட்டையின் 12 அடிச் சுவரோ 4 மில்லிமீட்டர்கூட இராது. உயரத்தை விடுங்கள், அது கண்ணுக்காக. சிக்கல் அகலத்திலும் ஆழத்திலும் வருகிறது. இந்தப் பொம்மை ஒன்று நிற்கக் குறைந்தது 15 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் ஆழமும் வேண்டும். 20 பேருக்கு ஒரு பொம்மை என்பது இந்த விளையாட்டில் பலரும் பின்பற்றும் விகிதம். அப்படியானால் 600 பேருக்கு 30 பொம்மை. இரண்டு வரிசையாக 15, 15 என்று ஒட்டினால் அகலம் 225 மில்லிமீட்டர், ஆழம் 40 மில்லிமீட்டர். 225 மில்லிமீட்டர் உண்மையில் 168 மீட்டரைக் குறிக்க வேண்டுமென்றால் தரையின் அளவை 750-இல் ஒன்று என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொள்ளலாம், தவறில்லை. கோட்டையும் அதற்கேற்ப 203 மில்லிமீட்டருக்கு 122 மில்லிமீட்டராக வளரும், முகப்பு உண்மையாகிவிடும். ஆனால் அதே அளவில் 40 மில்லிமீட்டர் ஆழம் என்பது 30 மீட்டர். இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஒரு கோடு பதினைந்து மடங்கு ஊதிப் பெருத்துவிட்டது. அந்தக் காலத் துப்பாக்கி ஓரளவு நம்பிச் சுடக்கூடிய தூரம் ஏறத்தாழ 90 மீட்டர்தான். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரு பட்டாளத்தின் பொய்யான முதுகே விழுங்கிவிடுகிறது.

இந்தச் சிக்கலைப் பழைய அறிஞர்கள் அறிந்தே கையாண்டிருக்கிறார்கள். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் உருவாக்கிய போர் விளையாட்டு 1824-இல் அந்நாட்டுப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கு வந்தது. அதில் பொம்மையே கிடையாது. 8,000-இல் ஒன்று என்ற அளவில் வரைந்த வரைபடத்தின் மீது, படைப்பிரிவுகளின் முகப்புக்குச் சரியாக வெட்டிய சிறு கட்டைகளை நகர்த்தினார்கள். நம் 600 பேர் வரிசை அந்த வரைபடத்தில் 21 மில்லிமீட்டர் மட்டுமே பிடிக்கும். உண்மையான முடிவெடுக்கப் பழகும் அதிகாரிகளுக்கு ஆளின் உருவம் தேவைப்படவில்லை, அகலம்தான் தேவைப்பட்டது. இதற்கு மறுகோடியில் வில்லியம் சிபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வாட்டர்லூ போர்க்களத்தை மாதிரியாகச் செய்தார். 1830-இல் அந்தக் களத்திலேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். ஒரு மைலுக்கு 9 அடி என்ற அளவில் அமைந்த மாதிரி 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு ஈய வீரர்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். மைலுக்கு 9 அடி என்பது 587-இல் ஒன்று. அந்த அளவில் 10 மில்லிமீட்டர் வீரன் கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரமானவன். அளவையில் அத்தனை பிடிவாதமான மனிதரும் உயரத்தில் விட்டுக்கொடுத்தார், ஒரு பொம்மைக்கு இரண்டு பேர் என்று எண்ணிக்கையிலும் விட்டுக்கொடுத்தார். படை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதில்தான் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அது ஒன்றுதான் அவர் காட்ட நினைத்த வரலாறு.

முகப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? கைக்குள் இருக்கும் ஆயுதம் எதிரியைத் தொட்டால்தான் அது ஆயுதம், தொடாதவரை சுமை. 1808-க்குப் பிந்தைய பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஆறு கம்பெனிகள். 600 பேர் என்றால் கம்பெனிக்கு 100. இரண்டு கம்பெனி அகலத்தில், மூன்று வரிசை ஆழத்தில், ஒன்றன்பின் ஒன்றாகத் திரண்டு வந்தால் முகப்பு 66 பேர், அதாவது 37 மீட்டர். முதல் இரண்டு வரிசை மட்டும் சுட முடியும் என்றால் 132 துப்பாக்கிகள். எதிரே இரண்டு வரிசையாக விரிந்து நிற்கும் 600 பேரும் சுட முடியும். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை, முகப்பு மட்டும் வேறு. ஆங்கில வரலாற்றாசிரியர் சார்லஸ் ஓமன் இதைக் கொண்டே ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடந்த பல போர்களின் முடிவை விளக்கினார். மேட்டின் மறைவு, முன்னே ஓடிச் சுடும் சிறு அணிகள், சரியான நேரத்தில் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்தல் ஆகியவற்றை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று பின்வந்த ஆய்வாளர்கள் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் நியாயமானதே. ஆனாலும் 132-க்கும் 600-க்கும் உள்ள வேறுபாட்டை அது அழித்துவிடவில்லை.

இதைக் கணிதமாக்கியவர் பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர். 1914-இல் கட்டுரைகளாகவும் 1916-இல் நூலாகவும் அவர் வெளியிட்ட சமன்பாடுகள் இரண்டு வகைப் போரைப் பிரிக்கின்றன. திறந்த வெளியில் எல்லோரும் எல்லோரையும் சுட முடிகிற போரில் படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் இருபடியாக வளரும். சம திறமையுள்ள 600 பேரும் 400 பேரும் மோதினால், 400 பேரும் வீழும்போது எதிர்ப்பக்கம் ஏறத்தாழ 447 பேர் மிஞ்சுவார்கள். 600-இன் இருபடியிலிருந்து 400-இன் இருபடியைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் அது. ஆனால் ஒரு குறுகிய வாசலில், ஒருவருக்கு ஒருவர் என்று மட்டுமே மோத முடியும் என்றால் கணக்கு வெறும் கழித்தல்: 200 பேர்தான் மிஞ்சுவார்கள். பின்னால் காத்து நிற்கும் கூட்டம் முன்னால் நிற்பவனுக்கு எந்த உதவியும் செய்ய முடியாது. திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. பதினைந்து ஆடு கையில் இருந்தாலும் புலியைச் சுற்றியுள்ள புள்ளிகளில் நிற்கும் ஆடுதான் புலியை அடைக்கும், மற்றவை பலகையில் இருந்தும் இல்லாதவை. நம் இலக்கண மரபும் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கிறது. வெளியில் நேருக்கு நேர் நின்று பொரும் போருக்குத் தும்பை என்று ஒரு திணை, மதிலை வளைத்துப் பொருவதற்கு உழிஞை என்று தனித் திணை. மதில் காப்பதை நொச்சி என்று பிறகு தனியே பிரித்தார்கள். போர் ஒன்றுதானே என்று அவர்கள் ஒரே பெயரில் அடக்கவில்லை.

இப்போது தீப்பெட்டிக் கோட்டைக்குத் திரும்புவோம். முள்வேலிக்கு வெளியே நான்கு குச்சியாக நீண்டு நிற்கும் பட்டாளம் தும்பைக் கணக்கில் நிற்கிறது. அந்தக் கணக்கில் கம்பெனிப் படையை எதிர்க்கப் பாஞ்சாலங்குறிச்சிக்கு வழியே இல்லை. துப்பாக்கியிலும் பயிற்சியிலும் அவர்கள் கை ஓங்கியது. ஆனால் சுவரில் பீரங்கி உண்டாக்கிய பிளவு எவ்வளவு அகலம்? 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 22 அங்குலம் என்றால் ஏழு பேர். மேசைமேல் அது இரண்டு தீக்குச்சியின் தடிமன். 168 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு 4 மில்லிமீட்டர் இடுக்கு வழியே உள்ளே போக வேண்டும். முந்நூறு பேர் முகப்பு ஏழு பேராகச் சுருங்கிவிட்டது. மார்ச் 31 அன்று நடந்ததை வெல்ஷ் விவரிப்பதும் இதுதான். தாக்கியவர்கள் தயங்கவில்லை. சுடுதலுக்கு நடுவே வேலியைக் கடந்தார்கள், பிளவின் உச்சிவரை ஏறினார்கள். உச்சியை அடைந்தவன் எவனும் அதைத் தாண்டி உள்ளே இறங்க முடியவில்லை. உள்ளே நெடிய வேல்கம்புகளோடு நின்றவர்கள் ஏறியவர்களை ஏறிய இடத்திலேயே குத்தி வீழ்த்தினார்கள். துப்பாக்கியும் முனைக்கத்தியும் சேர்ந்தால் ஏறத்தாழ ஓராள் உயரம்தான் எட்டும். வேல்கம்பு அதைவிட நெடிது எட்டும். திறந்த வெளியில் பழைய ஆயுதமான வேல், ஏழு பேர் அகலமுள்ள வாசலில் புதிய ஆயுதத்தை வென்றது. ஆயுதம் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த வடிவியல் மாறியது.

மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கருங்கல் மதில் மீது இரும்புக் குண்டு மோதினால் கல்லில் விரிசல் ஓடும், விரிசல் கூடினால் மதில் சரியும். நன்றாகப் பிசைந்து இறுக்கிய மண்சுவரில் குண்டு புதையும். அதன் ஆற்றல் மண்ணை நசுக்குவதிலேயே செலவாகிவிடும், விரிசல் ஓடாது. அந்தச் சுவரின் மண் மிகக் கெட்டியாக ஒட்டும் தன்மை கொண்டது என்று வெல்ஷே வியந்து குறித்திருக்கிறார். பிளவு குறுகலாகவே இருந்ததற்கு இது காரணம், ஆகவே முகப்பு குறுகியதற்கும் இதுவே காரணம். தோற்ற படை அதன்பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் கோட்டைக்கு எதிரேயே முகாமிட்டுக் காத்திருந்தது எதற்காக? கூடுதல் துருப்புகளுக்காகவும் கூடுதல் பீரங்கிகளுக்காகவும். கர்னல் அக்னியூவின் தலைமையில் அவை வந்து சேர்ந்து, சுவரைப் போதுமான அளவு இடித்த பிறகு, மே 24-இல் கோட்டை விழுந்தது. முகப்புதான் எல்லாம் என்றால் கோட்டை எப்படி விழுந்தது என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான். பீரங்கியின் வேலையே முகப்பை அகலமாக்குவது. 4 மீட்டர் பிளவு 12 மீட்டர் ஆனால் ஏழு பேர் இருபத்தொரு பேர் ஆகிறார்கள். வேல் பிடித்தவன் பக்கவாட்டிலிருந்தும் தாக்கப்படுகிறான். கழித்தல் கணக்கு மெல்ல மெல்ல இருபடிக் கணக்காக மாறுகிறது. கோட்டை விழுந்த விதமும் வாதத்துக்கு எதிரானதல்ல, அதன் தொடர்ச்சி.

இன்னொரு மறுப்பு கனமானது. பயிற்சி நூலில் 22 அங்குலம் என்று எழுதியிருக்கலாம், கரிசலில், உடைமுள்ளுக்கும் வெடிப்புக்கும் நடுவே, யார் அப்படி நூல் பிடித்து நின்றார்கள்? உண்மைதான், நின்றிருக்க மாட்டார்கள். ஆனால் 22 அங்குலம் என்பது ஒரு மனிதனின் தோள் அகலத்துக்குச் சற்றே கூடுதல். அதற்குக் கீழே நெருங்க உடல் இடம் கொடாது. கரடுமுரடான தரை வரிசையைத் தளர்த்தும், அகலமாக்கும், சுருக்காது. சுருக்குவது சாவு. ஆள் விழ விழ, இடைவெளியை அடைத்துக்கொண்டு நடுவை நோக்கி நெருங்குவது அந்தக் காலப் பழக்கம். 600 பேர் 450 ஆனால் 550 அடி முகப்பு ஏறத்தாழ 412 அடியாகக் குறையும். பொம்மைகளை ஒன்றொன்றாக எடுத்துவிடும் விதிமுறைகள் இதைத் தாமாகவே காட்டிவிடும். ஒட்டிய அடித்தட்டை அப்படியே நகர்த்திக்கொண்டு, இழப்பைக் குறிப்பால் மட்டும் காட்டும் விதிமுறைகள் காட்டாது. ஓர் அடித்தட்டு ஒரு முழுப் பிரிகேடைக் குறிக்கும் பெரும் போர்களில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது, அங்கே மாறாத அகலமே வசதி. ஒரே ஒரு கோட்டை, ஒரே ஒரு பிளவு என்று வரும்போது அது முடிவையே மாற்றிவிடும். எதைக் காட்டப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகே அடித்தட்டை வெட்ட வேண்டும்.

அப்படியானால் அழகான பொம்மைகளைத் தூக்கி எறிந்துவிட்டுத் தீக்குச்சியை வைத்து ஆடுவதா என்றால், வேண்டியதில்லை. கையால் வண்ணம் தீட்டிய ஒரு வீரனுக்குத் தன் மதிப்பு உண்டு. குழந்தையின் கண்ணை மேசைக்கு இழுப்பது அவன்தான், குச்சியல்ல. அடித்தட்டின் முன்விளிம்பு மட்டுமே உண்மை, அதன் பின்னால் இருப்பதெல்லாம் அலங்காரம் என்று ஆடுகிறவர்கள் ஒப்புக்கொண்டால் போதும். தூரத்தை முன்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். பின்னால் வரும் அணி முன்னுள்ள அடித்தட்டின் போலி ஆழத்தால் தள்ளி நிற்க நேர்ந்தால், அந்த இடைவெளியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கோட்டைக்குள் எத்தனை பேர் இருக்கலாம் என்பதைப் பொம்மையின் பருமனால் முடிவு செய்யக் கூடாது. 500 அடிக்கு 300 அடி என்றால் 1,50,000 சதுர அடி, மூன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதில் ஆயிரக்கணக்கானவர் தாராளமாக இருக்கலாம். 750-இல் ஒன்று என்ற மேசைக் கோட்டையில் தோளோடு தோள் நெருக்கி அடுக்கினாலும் 78 பொம்மைதான் கொள்ளும், அதாவது 1,560 பேர். அந்த எண் பொம்மை செய்தவரின் அச்சு தந்தது, பாஞ்சாலங்குறிச்சி தந்ததல்ல.

கடைசியாக ஒரு மறுப்பு. ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் யார் சொன்னாலும் தலைவணங்கிக் கேட்க வேண்டியது அது. உயிர் கொடுத்தவர்களின் கதை இது, இதை மேசைமேல் விளையாட்டாக்கலாமா? கட்டபொம்மன் கதையை இந்த மக்கள் கூத்தாகவும் கதைப்பாடலாகவும் தலைமுறை தலைமுறையாக நடித்தும் பாடியும் வந்திருக்கிறார்கள். அதில் யாரும் அவமதிப்பைக் காணவில்லை. அளந்து பார்ப்பதும் அவமதிப்பல்ல. மண்கோட்டை, பழைய வேல்கம்பு, அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்திருக்க முடியும் என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களுக்கு மேசைமேல் இருக்கும் 4 மில்லிமீட்டர் பிளவு பதில் சொல்லும். உள்ளே நின்றவர்கள் தம் பலம் எங்கே இருக்கிறது என்று அறிந்து நின்றார்கள். வெளியே வந்து வரிசை கட்டாமல், எதிரியின் முந்நூறு பேர் முகப்பை ஏழு பேராகச் சுருக்கும் இடத்தைத் தேர்ந்தார்கள். அதைத் துணிச்சல் என்று மட்டும் சொன்னால் அவர்களுடைய அறிவுக்கு உரிய பாதி மரியாதையை நாம் கொடுக்காமல் விடுகிறோம். மேசைமேல் முகப்பைத் தவறாக வைத்து, எண்ணிக்கையை மட்டும் சரியாக வைத்து ஆடினால் மார்ச் 31-இல் கம்பெனி வென்றுவிடும். அதுதான் உண்மையான அவமதிப்பு.

1801-க்குப் பிறகு கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கே நிற்பது 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. அந்தப் போர்களில் இறந்த ஆங்கிலேயரின் கல்லறைகளும் பாஞ்சாலங்குறிச்சியில் இருக்கின்றன. ஓட்டப்பிடாரத்திலும் கோவில்பட்டியிலும் பள்ளிகளில் கணக்கும் வரலாறும் சொல்லித் தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். டண்டாஸ் விதித்த நடை ஓர் எட்டுக்கு 30 அங்குலம், நிமிடத்துக்கு 75 எட்டு. கரிசலில் ஒரு நேர்கோட்டினைப் பிடித்து அந்த நடையில் 200 எட்டு நடக்கச் சொல்லுங்கள். சரியாக 500 அடி வரும். இரண்டு நிமிடம் நாற்பது நொடி ஆகும்.